மூணு ஆஃபரும் கைவிட்டுப் போச்சு, லைசென்ஸை சரண்டர் பண்ணிடட்டுமா?

டெக்ஸாஸ்ல இருந்து ஒரு நர்ஸ் எழுதின நீளமான கடிதத்துக்குத்தான் இந்தத் தடவை பதில். ஆளை அடையாளம் காட்டற விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

தமிழ்நாட்டுல தென் மாவட்டத்துல பிறந்து, நர்ஸிங் முடிச்சு, வளைகுடால சில வருஷம் வேலை பார்த்துட்டு, ஈ.பி.3ங்கற வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுல குடும்பத்தோட அமெரிக்கா வந்தவங்க. ஐ.சி.யு.ல நைட் ஷிஃப்ட். ஊர்ல அம்மா இறந்தப்ப லீவு கிடைச்சு போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் நைட் ட்யூட்டி முடிச்சு வந்தா பகல்ல தூக்கம் வரல, தூங்கறதுக்காக ஒரு கிளாஸ் ஒயின்ல ஆரம்பிச்சது வோட்கா வரைக்கும் போயிருக்கு. 2024ல ஒரு மத்தியானம் கடைக்குப் போற வழியில போலீஸ் நிறுத்தி, குடிச்சிட்டு ஓட்டினதா டி.டபிள்யூ.ஐ. கேஸ். கோர்ட்டுல டிஃபர்ட் அட்ஜூடிகேஷன், அதாவது குத்தவாளின்னு தீர்ப்பு எழுதாம தள்ளி வெச்சு நிபந்தனையோட கவனிக்கறது, கொடுத்திருக்காங்க. நர்ஸிங் போர்டுக்கு அவங்களே தகவல் சொல்லி, இப்ப டெக்ஸாஸ் நர்ஸ்களுக்கான பியர் அசிஸ்டன்ஸ் ப்ரோகிராம்ல, அதாவது இந்த மாதிரி பிரச்சினை உள்ள நர்ஸ்களைக் கண்காணிச்சு மீண்டு வர உதவற டி.பி.ஏ.பி.என்.ல இருக்காங்க. தினமும் செக்-இன், கூப்பிட்ட அன்னிக்கு யூரின் டெஸ்ட், நைட் ஷிஃப்ட் கூடாது, ஓவர்டைம் கூடாது, கொஞ்ச காலத்துக்கு மார்ஃபின் மாதிரி நார்கோட்டிக் மருந்தைத் தொடக் கூடாது. அன்னில இருந்து ஒரு சொட்டு தொடல, ஒரு டெஸ்ட் கூட மிஸ் ஆகல. ஆனா பழைய ஹாஸ்பிடல் வேலையை விட்டு எடுத்துருச்சு.

அதுக்கப்புறம் வந்தது மூணு ஆஃபர். முதல் இடத்துல ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தப்புறம் எம்ப்ளாயி ஹெல்த்துல ப்ரோகிராம் ஃபாரத்தைக் கொடுத்திருக்காங்க, மறுநாளே ஆஃபர் வாபஸ். ரெண்டாவது இடத்துல பயந்துபோய் யாருகிட்டயும் எதுவும் சொல்லல, ஹெச்.ஆர்.ல இருந்து போன் பண்ணி "பேக்ரவுண்டு கிளியர் ஆகல"ன்னு ஒத்தை வரில முடிச்சுட்டாங்க. மூணாவது இடத்துல இன்டர்வியூலயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, மேனேஜரும் "பரவால்ல, இந்த மாதிரி நர்ஸ்களோட நான் வேலை பார்த்திருக்கேன்"னு சொல்லி எடுத்துக்கிட்டாங்க. பேட்ஜுக்கு போட்டோ எடுத்தாச்சு, நேவி ப்ளூ ஸ்க்ரப்ஸ் ரெண்டு செட் வாங்கியாச்சு, பொண்ணுக்கு ஆஃப்டர் ஸ்கூல் கேருக்குப் பணமும் கட்டியாச்சு. ஓரியண்டேஷனுக்கு மூணு நாள் முன்னாடி மெயில் வருது, தேவை மாறிடுச்சாம்.

வீட்டுக்காரர் "வேற ஸ்டேட் போயிடலாம், இனிமே யாருகிட்டயும் சொல்லாதே"ங்கறார். கூட வேலை பார்த்த தோழி "கேஸ் போடு"ங்கறாங்க. இவங்களுக்கோ லைசென்ஸையே சரண்டர் பண்ணிட்டு ஊருக்குப் போயிடலாம்னு தோணுது. கடைசில ஒரு வரி: "சில நாள் காலைல எதுக்கு எழுந்திருக்கணும்னே தெரியல."

சகோதரி, நான் கொஞ்ச காலம் வார்டுல நர்ஸா நின்னுட்டு அப்புறம் சட்டம் படிச்சவ, இப்ப நர்ஸ்களோட லைசென்ஸ் கேஸ்தான் பார்க்கறேன். உங்க ஆர்டர் பேப்பரை நேர்ல பார்க்காம எழுதறதால, இதுல சொல்றதை உங்க ஊர் லைசென்ஸ் வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுச் செய்யுங்க. ஆனா முதல்ல அந்தக் கடைசி வரியைப் பத்திப் பேசணும்.

எழுந்திருக்கத் தோணாத காலைகள்

அது சோர்வுல எழுதின வரியா, இல்ல உயிரை விட்டுடலாம்ங்கற எண்ணமான்னு எனக்கு இங்க இருந்து தெரியாது. ரெண்டாவதுன்னா தயவுசெஞ்சு இதைப் படிக்கறதை நிறுத்திட்டு 988க்கு போன் பண்ணுங்க, இல்ல டெக்ஸ்ட் பண்ணுங்க, ராத்திரி பகல் எப்ப வேணா எடுப்பாங்க. போர்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு நம்ம நர்ஸ்கள் நிறைய பேர் வாயை மூடிக்கிட்டே இருந்துடறாங்க. 988ல பேசறது போர்டுக்கு ரிப்போர்ட் போற விஷயம் இல்ல. வேலை போய், லைசென்ஸும் கண்காணிப்புல இருக்கற இந்த மாதங்கள்தான் ஒரு நர்ஸுக்கு ரொம்ப ஆபத்தான காலம்னு நான் என் வேலைல பார்த்திருக்கேன், அதனாலதான் இதை முதல்ல வெச்சேன். சோர்வுதான்னா உங்க தெரபிஸ்ட்கிட்ட இதே வார்த்தைல சொல்லுங்க, நாசூக்கா மாத்திச் சொல்ல வேண்டாம்.

உங்க பேர் எந்த கருப்புப் பட்டியல்லயும் இல்ல

"என் பேரை எல்லா ஹாஸ்பிடலுக்கும் அனுப்பிட்டாங்க போல"ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு லிஸ்ட் கிடையாது மா. ஒரு ஹாஸ்பிடல் ஆஃபரை வாபஸ் வாங்கினா அது எந்த டேட்டாபேஸ்லயும் பதிவாகறதில்ல, அடுத்த ஹாஸ்பிடலுக்கு அதைத் தெரிஞ்சிக்க வழியும் இல்ல.

அவங்களால பார்க்க முடியறது நர்ஸிஸ்ங்கற நர்ஸ் லைசென்ஸ் வெப்சைட். லைசென்ஸ் நம்பரோ பேரோ போட்டா யார் வேணா இலவசமா பார்க்கலாம். நீங்களே பார்த்துட்டு "டிசிப்ளின் எதுவும் இல்ல, ஆனா மல்டிஸ்டேட்னு இருந்தது சிங்கிள் ஸ்டேட்டா மாறியிருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க, ரொம்பச் சரியா கவனிச்சிருக்கீங்க. பல ஸ்டேட் சேர்ந்து போட்ட நர்ஸ் காம்பாக்ட் ஒப்பந்தப்படி இந்த மாதிரி ப்ரோகிராம்ல இருக்கற வரைக்கும் மத்த ஸ்டேட்ல வேலை பார்க்கற உரிமையை நிறுத்தி வெச்சே ஆகணும். அது தண்டனைன்னு அர்த்தம் இல்ல, உங்க பேர்ல பப்ளிக் ஆர்டர் எதுவும் இல்லங்கறதுதான் இதுல பெரிய விஷயம். ஆனா டெக்ஸாஸ்ல குடியிருக்கற ஒரு நர்ஸுக்கு ஏன் சிங்கிள் ஸ்டேட் லைசென்ஸ்னு அனுபவம் உள்ள ஹெச்.ஆர். ஆளுக்கு ஒரு கேள்வி வரும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

அப்புறம் ஏன் மூணும் போச்சு? நீங்க எழுதினதை வெச்சுப் பார்த்தா மூணும் மூணு வேற காரணம். முதல் இடத்துல விஷயம் போன நேரம் தப்பு, எல்லாம் முடிஞ்சப்புறம் எம்ப்ளாயி ஹெல்த் மூலமா போனதும் மேனேஜருக்கு "இவங்க மறைச்சிட்டாங்க"ன்னு தோணியிருக்கும், நீங்க மறைக்கலன்னாலும். ரெண்டாவது ஆஃபர் அந்த டி.டபிள்யூ.ஐ. கேஸால போன மாதிரி இருக்கு, ப்ரோகிராமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். மூணாவதுல மேனேஜர் சரின்னாங்க, ஆனா சரின்னு சொல்ல அவங்க ஒருத்தர் போதாது. ஹெச்.ஆர்., எம்ப்ளாயி ஹெல்த், ரிஸ்க் மேனேஜ்மென்ட், சில இடத்துல சீஃப் நர்ஸிங் ஆஃபீசர் வரைக்கும் ஃபைல் போகும், அங்க யாரோ ஒருத்தர் "நார்கோட்டிக் கொடுக்க முடியாத நர்ஸை இந்த யூனிட்ல வெச்சு என்ன பண்றது"ன்னு கேட்டிருப்பாங்க. மெட்-சர்ஜ் யூனிட்ல, அதாவது பொது வார்டுல, ஒரு ஷிஃப்ட்ல எத்தனை தடவை பிக்ஸிஸ் மருந்து மெஷின்ல இருந்து மார்ஃபினோ ஹைட்ரோமார்ஃபோனோ எடுக்க வேண்டியிருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு தடவையும் பக்கத்து நர்ஸ் தன் பேஷன்ட்டை விட்டுட்டு வந்து உங்க பேஷன்ட்டுக்குக் கொடுக்கணும். கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா அது உங்க மேல வெறுப்பு இல்ல, அந்த யூனிட்டோட நிஜமான சிரமம். அதனால எந்த யூனிட்டுக்கு அப்ளை பண்றோம்ங்கறதுலயே பாதி விஷயம் முடிஞ்சிடுது, அதுக்கு அப்புறம் வரேன்.

சரண்டர் மட்டும் வேண்டாம்

உங்க கடிதத்துல என்னை ரொம்பக் கவலைப்படுத்தினது இதுதான். சரண்டர் பண்ணா சத்தமில்லாம முடிஞ்சிடும்னு நினைக்கறீங்க. நடக்கறது நேர் எதிர். இப்ப உங்க விஷயம் பப்ளிக்குக்குத் தெரியாம இருக்கு. போர்டு விவகாரம் முடியாம இருக்கும்போது லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தா அது டிசிப்ளின் கணக்குல சேரும், நர்ஸிஸ்ல ஏறும், மருத்துவத் துறை ஆட்கள் மேல வந்த நடவடிக்கைகளைப் பதிவு பண்ற நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க்குக்கு ரிப்போர்ட் போகும்.

அதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. மத்திய அரசு ஹெல்த் டிபார்ட்மென்ட்டோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃபீஸ், ஓ.ஐ.ஜி.ன்னு சொல்வாங்க, அவங்க ஒரு எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட் வெச்சிருக்காங்க. டிசிப்ளின் நடவடிக்கை நிலுவைல இருக்கறப்ப லைசென்ஸை சரண்டர் பண்ணவங்களை அதுல சேர்க்க சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துல, 1128ங்கற பிரிவுல, இடம் இருக்கு. அதுல பேர் ஏறிட்டா மெடிகேர், மெடிகெய்ட்ங்கற அரசு காப்பீட்டுப் பணம் வாங்கற எந்த இடத்துலயும் வேலை பார்க்க முடியாது. நர்ஸா மட்டும் இல்ல, பில்லிங்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டற வேலை கூட. அமெரிக்காவுல அந்தப் பணம் வாங்காத ஹாஸ்பிடலைத் தேடிக் கண்டுபிடிக்கறதே கஷ்டம். இப்ப உங்களை அந்த லிஸ்ட்ல சேர்க்க எந்தக் காரணமும் இல்ல, நீங்களே போய்க் காரணம் உண்டாக்கிக் கொடுக்காதீங்க.

ஊருக்குப் போனா? தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல உங்க பதிவு தனி, அது டெக்ஸாஸ் போர்டு கைல இல்ல. அதனால ஊர்ல வேலை கிடைக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மறுபடி வளைகுடாவோ யு.கே.யோ போகணும்னா வேலை பார்த்த நாட்டு போர்டுல இருந்து குட் ஸ்டாண்டிங், அதாவது லைசென்ஸ் மேல குறை இல்லங்கற சான்று, கேப்பாங்க, வளைகுடால டேட்டாஃப்ளோன்னு பேப்பரை வழங்கின இடத்துலயே கேட்டு சரிபார்க்கற முறையே இருக்கு. அப்ப டெக்ஸாஸ்ல இருந்து "சரண்டர்"னு பதில் வரும். ப்ரோகிராமை முடிச்சிட்டுப் போனா அந்த வார்த்தை வராது. ஊருக்குப் போகணும்னு மனசு இருந்தா போங்க, அது உங்க உரிமை, ஆனா இதை முடிச்சிட்டுப் போங்க.

மறைக்கறதும் வேற ஸ்டேட் போறதும்

உங்க வீட்டுக்காரர் உங்க மேல இருக்கற அக்கறைல சொல்றார், அவரைக் கோவிச்சுக்காதீங்க. ஆனா ரெண்டுமே நடக்காது.

மறைக்க முடியாததுக்குக் காரணம் உங்க ப்ரோகிராம் ஒப்பந்தமே. வேலை பார்க்கற இடத்துல ஒருத்தர் உங்களைக் கவனிச்சு ப்ரோகிராமுக்கு ரிப்போர்ட் எழுதணும், அதுக்கு அந்த இடத்துக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். தெரியாம சேர்ந்தா அது ஒப்பந்த மீறல், ப்ரோகிராம் போர்டுக்கு எழுதும், அதோட இது பப்ளிக் ஆர்டரா மாற வாய்ப்பு இருக்கு. ரெண்டாவது இடத்துல ஆஃபர் போனது ஒரு வகைல உங்களைக் காப்பாத்தினதுன்னு கூட நான் சொல்வேன், அங்க சொல்லாம சேர்ந்திருந்தா இன்னிக்கு உங்க கடிதம் இதைவிட மோசமா இருந்திருக்கும்.

வேற ஸ்டேட்ல போய் எண்டார்ஸ்மென்ட்டுக்கு, அதாவது இருக்கற லைசென்ஸை வெச்சு அந்த ஸ்டேட் லைசென்ஸுக்கு, அப்ளை பண்ணா "இப்ப டிசிப்ளினுக்குப் பதிலான ஆல்டர்நேட்டிவ் ப்ரோகிராம் எதுலயாவது இருக்கீங்களா"ங்கற மாதிரி கேள்வி ஃபாரத்துலயே இருக்கும், பொய் சொன்னா அந்தப் பொய்யே தனிக் கேஸ். உண்மையைச் சொன்னா அந்த ஸ்டேட் தன்னோட ப்ரோகிராம்ல சேரச் சொல்லும். ப்ரோகிராம் மாசக் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாலும் ஆச்சரியப்படறதுக்கில்ல. வீட்டுக்காரருக்கே வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சு போறீங்கன்னா அது வேற விஷயம், முதல்ல ரெண்டு ப்ரோகிராமும் ஒத்துக்கிட்டதை எழுத்துல வாங்கிட்டுக் கிளம்புங்க.

கேஸ் போடலாமா

தோழி சொன்னதுல பாதி சரி. டெக்ஸாஸ் அட்-வில் ஸ்டேட், காரணம் சொல்லாமலே வேலைக்கு வேண்டாம்னு சொல்லலாம். உங்க ஆஃபர் லெட்டர்லயும் "இன்னின்ன கிளியர் ஆனா மட்டும்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும். ஸ்க்ரப்ஸுக்கும் ஆஃப்டர் ஸ்கூலுக்கும் செலவு பண்ணதை வெச்சு "நம்ப வெச்சு ஏமாத்திட்டாங்க"ன்னு போறதுக்கு டெக்ஸாஸ் கோர்ட்டுகள்ல பெரிய ஆதரவு இல்ல, அதுல பணத்தைக் கொட்டாதீங்க.

ஆனா ரெண்டு சட்டம் உங்க பக்கம் இருக்கு. ஒண்ணு ஏ.டி.ஏ., ஊனமுற்றோருக்கான சட்டம். குடிப்பழக்க நோயும் அதுக்குள்ள வரலாம், அதுல இருந்து மீண்டு வந்தவங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடம்னா இது பொருந்தும், பெரும்பாலான ஹாஸ்பிடல் இதுல அடங்கும். ஆஃபர் கொடுத்தப்புறம் உடல்நிலை பத்திக் கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா அதுல தெரிஞ்சதை வெச்சு ஆஃபரை எடுக்கணும்னா அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தடையா இருக்கணும். "நார்கோட்டிக் கொடுக்கறது இந்த வேலைல முக்கியம், இவங்களால இப்ப முடியாது"ன்னா அது அவங்க பக்கம் நிக்கும். "குடிச்ச ஆள் நமக்கு வேண்டாம்"னா நிக்காது. உங்க முதல் ஆஃபர், ஃபாரம் கொடுத்த மறுநாளே போனது, ரெண்டாவது வகையான்னு ஒரு வேலைவாய்ப்பு வக்கீல்கிட்ட கண்டிப்பா காட்டுங்க. கண்காணிப்புல இருக்கற நர்ஸ்னா சட்டம் பொருந்தாதுன்னு நினைக்காதீங்க, 2022ல இண்டியானா நர்ஸிங் போர்டு மேலயே ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் ஏ.டி.ஏ. மீறல்னு சொல்லியிருக்கு, ஓபியாய்டு பழக்கத்துக்கு மருந்து எடுத்துக்கிட்டு இருந்த நர்ஸை அவங்க ப்ரோகிராம்ல சேர்க்க மறுத்ததுக்காக.

இதுக்கு கெடு இருக்கு. டெக்ஸாஸ் ஒர்க்ஃபோர்ஸ் கமிஷன்ல புகார் கொடுக்க 180 நாள், வேலைல பாரபட்சம்னு வர்ற புகாரைப் பார்க்கற மத்திய அரசோட ஈ.ஈ.ஓ.சி.க்கு 300 நாள். ஆஃபர் போனதைச் சொன்ன தேதில இருந்து எண்ணணும். உங்க முதல் ஆஃபர் போன தேதியை இன்னிக்கே காலண்டர்ல எண்ணிப் பாருங்க, 180ஐ வெச்சே எண்ணுங்க. வந்த மெயில், வாய்ஸ் மெயில், யார் எந்த வார்த்தைல சொன்னாங்க எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைங்க.

ரெண்டாவது சட்டம் ஃபேர் கிரெடிட் ரிப்போர்டிங் ஆக்ட், 1970ல வந்தது. வெளி கம்பெனி எடுத்துக் கொடுத்த பேக்ரவுண்டு ரிப்போர்ட்டை வெச்சு ஆஃபரை எடுக்கணும்னா, எடுக்கறதுக்கு முன்னாடியே அந்த ரிப்போர்ட் காப்பியும் உங்க உரிமைகள் எழுதின தாளும் உங்களுக்குத் தரணும், தப்பு இருந்தா சொல்ல அவகாசம் தரணும். "கிளியர் ஆகல"ன்னு போன்ல ஒத்தை வரில சொல்றது போதாது. அந்த ஹெச்.ஆர்.க்கு மரியாதையா ஒரு மெயில் போடுங்க, எந்தக் கம்பெனி ரிப்போர்ட் எடுத்தது, காப்பி வேணும்னு. நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள்ள அந்தக் கம்பெனிகிட்ட நேரடியா இலவச காப்பி கேக்கலாம். நான் இதுல ஏன் அழுத்துறேன்னா, குத்தவாளின்னு தீர்ப்பு எழுதாத டிஃபர்ட் அட்ஜூடிகேஷனை கன்விக்‌ஷன்னு தப்பா போட்ட ரிப்போர்ட்டை நிறைய பார்த்திருக்கேன். தப்பு இருந்தா டிஸ்ப்யூட் பண்ணுங்க, பொதுவா 30 நாளுக்குள்ள அவங்க சரிபார்த்தாகணும். இதைச் சரி பண்ணாம அடுத்த இடத்துக்கு அப்ளை பண்ணா அதே ரிப்போர்ட் அங்கயும் போய் நிக்கும்.

அடுத்த ஆஃபரை எப்படிக் கையாள்றது

அப்ளிகேஷன்ல கேக்காத வரைக்கும் நீங்களா எழுத வேண்டாம், கேட்டிருந்தா பொய் எழுதாதீங்க. முதல் இன்டர்வியூல உங்க ஐ.சி.யு. அனுபவம்தான் பேசணும். அவங்களுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஆஃபர் வரப் போகுதுன்னு தெரியறப்ப, லெட்டர் வர்றதுக்கு முன்னாடி, சொல்லுங்க. மேனேஜர் ஒருத்தர்கிட்ட மட்டும் இல்ல, "ஹெச்.ஆர்.ல ஒருத்தரும் கூட இருந்தா நல்லது"ன்னு கேட்டு ரெண்டு பேரும் இருக்கும்போது சொல்லுங்க.

வாய்ல சொல்றதோட கைல ஒரு பக்கத் தாள் கொடுங்க. லைசென்ஸ் ஆக்டிவா இருக்கு, என்னெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாது, ஒவ்வொரு கட்டுப்பாடும் எந்த மாசம் முடியுது, சூப்பர்வைசர் என்ன ரிப்போர்ட் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை எழுதணும், கேள்வி இருந்தா ப்ரோகிராம்ல யாரைக் கூப்பிடணும். கூடவே இதுவரைக்கும் எல்லா டெஸ்டும் சரியா இருக்குன்னு ப்ரோகிராம்ல இருந்து ஒரு கம்ப்ளையன்ஸ் லெட்டர். அம்மா இறந்தது, தூக்கம் வராதது, டி.டபிள்யூ.ஐ. அன்னிக்கு போலீஸ் ஸ்டேஷன், இதெல்லாம் அங்க சொல்ல வேண்டாம் மா. மூணாவது இன்டர்வியூல நீங்க அழுதுட்டே எல்லாத்தையும் சொன்னதா எழுதியிருக்கீங்க. அழுதது தப்பில்ல, ஆனா நோய் விவரத்தைக் கேக்காதவங்க கைல நீங்களா கொடுக்கத் தேவையில்ல. "ப்ரோகிராம்ல இருக்கேன், இவ்வளவு நாளா சரியா இருக்கேன், இதுதான் கட்டுப்பாடு, இது இந்த மாசத்துல முடியுது"ங்கற அளவு போதும்.

அப்புறம், அவங்க ஆஃபர் கொடுத்தா ஒரு மெயில் போடுங்க: "என் லைசென்ஸ் கட்டுப்பாடுகளை ஹெச்.ஆர்., எம்ப்ளாயி ஹெல்த், நர்ஸிங் அட்மினிஸ்ட்ரேஷன் எல்லாரும் பார்த்து ஒத்துக்கிட்டதை உறுதி செய்யுங்க, ப்ரோகிராமோட எம்ப்ளாயர் ஃபாரத்துல கையெழுத்தும் வேணும்." அந்தக் கையெழுத்து வர்ற வரைக்கும் ஸ்க்ரப்ஸ் வாங்காதீங்க, ஆஃப்டர் ஸ்கூலுக்குக் கட்டாதீங்க, வேற இன்டர்வியூவை கேன்சல் பண்ணாதீங்க, கைல ஏதாவது சின்ன வேலை இருந்தா அதை விடாதீங்க. ரெக்ரூட்டர் "கங்கிராட்ஸ்"னு அனுப்பற மெயில் ஆஃபர் இல்ல.

எந்த மாதிரி இடம்? நார்கோட்டிக் அதிகம் இல்லாத, பகல்ல நடக்கற இடமா பாருங்க. டயாலிசிஸ் சென்டர் என் முதல் யோசனை, ஐ.சி.யு.ல சி.ஆர்.ஆர்.டி.ங்கற தொடர் டயாலிசிஸ் ஓட்டின உங்களுக்கு அது கைவந்த வேலை. அவுட்பேஷன்ட் கிளினிக், ரீஹேப், ஊண்ட் கேர், நர்ஸிங் ஹோம்ல நோயாளி மதிப்பீட்டு ரெக்கார்டு பார்க்கற எம்.டி.எஸ். கோஆர்டினேட்டர், பிளாஸ்மா சென்டர், இன்சூரன்ஸ் கம்பெனில சிகிச்சை அவசியமான்னு பார்க்கற யூட்டிலைசேஷன் ரிவ்யூ. போதை மறுவாழ்வு மையங்கள்ல இந்த ப்ரோகிராமைப் பத்தி நீங்க விளக்கவே வேண்டியிருக்காது. பேஷன்ட்டைத் தொடாத ஆஃபீஸ் வேலைன்னா அந்த மாசங்கள் ப்ரோகிராம் கணக்குல சேருமான்னு கேஸ் மேனேஜர்கிட்ட எழுத்துல கேட்டுட்டுச் சேருங்க. ஏஜென்சி, டிராவல், ஹோம் ஹெல்த் பக்கம் இப்ப போக வேண்டாம், மேற்பார்வை இல்லாத வேலைக்கு ப்ரோகிராம் பொதுவா விடாது. சம்பளம் ஐ.சி.யு. நைட் அளவுக்கு வராது, அதை முன்னாடியே வீட்டுல உட்கார்ந்து கணக்குப் போட்டுடுங்க.

வேலை இல்லாத மாசங்கள்லயும் டெஸ்ட் நிக்காது

வேலை இல்லைன்னாலும் தினசரி செக்-இன் ஓடிட்டே இருக்கும், கூப்பிட்டா போய்த்தான் ஆகணும். பணம் இல்லாம ஒரு டெஸ்ட் போகாட்டியும் மீறல்தான், அதனால கஷ்டம்னா டெஸ்டைத் தவற விடறதுக்கு முன்னாடி கேஸ் மேனேஜருக்கு எழுதி உதவியோ தவணையோ இருக்கான்னு கேளுங்க.

அடுத்தது நம்ம சமையலறை. உங்களுக்குக் கொடுத்த தடை லிஸ்ட்ல பாப்பி சீட்னு ஒரு வரி இருக்கும், அமெரிக்கக்காரங்க பேகல் ரொட்டியை நினைச்சு எழுதினது, நம்ம வீட்டுல அது குருமால அரைச்சு ஊத்தற கசகசா. அதைச் சாப்பிட்டா யூரின்ல மார்ஃபின் காட்டலாம், 2023ல அமெரிக்க ராணுவமே தன் ஆட்களை பாப்பி சீட் சாப்பிட வேண்டாம்னு எச்சரிச்சது. கல்யாண வீட்டுக் குருமா, ஹோட்டல் பிரியாணி, கடைல வாங்கற மசாலா பொடி எதுலயும் இருக்கலாம். ஆல்கஹாலுக்கு எடுக்கற ஈ.டி.ஜி. டெஸ்ட் குடிச்ச மூணு நாள் வரைக்கும் கூட காட்டும், அவ்வளவு நுணுக்கம். அதனால மாமியார் ஊர்ல இருந்து கொடுத்து விடற தசமூலாரிஷ்டம், வேற எந்த அரிஷ்டமும், ஹோமியோபதி சொட்டு மருந்து, சில மவுத்வாஷ், இருமல் சிரப் எதையும் தொடாதீங்க. அரிஷ்டத்துல நொதிக்கறப்பவே ஆல்கஹால் உண்டாகுது. மாமியாருக்கு விஷயம் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, முழுசா சொல்லணும்னு அவசியம் இல்ல, "வேலைக்காக டெஸ்ட் இருக்கு, இதெல்லாம் கூடாது"ன்னு சொன்னாலே போதும், அது பொய்யும் இல்ல.

அம்மாவோட வருஷ நினைவுக்கு ஊருக்குப் போகணும்னு கேட்டிருந்தீங்க. போகலாம்னுதான் நினைக்கறேன், ஆனா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ப்ரோகிராம்ல எழுத்துல அனுமதி வாங்கணும், அங்க இருக்கற நாள்ல டெஸ்ட் எப்படின்னும் கேக்கணும். சீக்கிரமே கேளுங்க, கடைசி வாரத்துல கேட்டா கிடைக்காது.

கிரீன் கார்டு

போயிடும்னு பயப்படறீங்க. யாருக்கும் அடிபடாத ஒரு சாதாரண டி.டபிள்யூ.ஐ. மட்டும் வெச்சு கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தறதில்ல, 2004ல லியோகல் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இதுக்குப் பக்கபலம். ஆனா டிஃபர்ட்னா கன்விக்‌ஷனே இல்லன்னு நீங்க எழுதினது இமிக்ரேஷனுக்குப் பொருந்தாது. குத்தத்தை ஒத்துக்கிட்டு, இல்ல நோ கான்டெஸ்ட் சொல்லி, ப்ரொபேஷன் வாங்கியிருந்தா அவங்க கணக்குல அது கன்விக்‌ஷன்தான். கோர்ட் ப்ரொபேஷன் முடியற வரைக்கும் சிட்டிசன்ஷிப் அப்ரூவ் ஆகாது, முடிஞ்சப்புறமும் நல்நடத்தைன்னு அஞ்சு வருஷத்தைப் பார்ப்பாங்க. ரெண்டாவது டி.டபிள்யூ.ஐ. வந்தா நிலைமை மொத்தமா மாறிடும். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்துடுங்க, கோர்ட் பேப்பரோட சர்ட்டிஃபைடு காப்பியைக் கைல எடுத்துக்கிட்டுப் போங்க.

இந்த வாரம் மூணு மெயில் மட்டும் போடுங்க: ரெண்டாவது ஹாஸ்பிடல் ஹெச்.ஆர்.க்கு ரிப்போர்ட் காப்பி கேட்டு, ப்ரோகிராம் கேஸ் மேனேஜருக்கு கம்ப்ளையன்ஸ் லெட்டரும் கட்டுப்பாடு முடியற தேதிகளும் கேட்டு, ஒரு வேலைவாய்ப்பு வக்கீலுக்கு முதல் ஆஃபரோட தேதி, பேப்பர் எல்லாம் வெச்சு. டயாலிசிஸ் சென்டர் அப்ளிகேஷனை அந்த லெட்டர் கைக்கு வந்தப்புறம் போடுங்க.